குளத்தில் கரைத்த எள்ளுச்சோறு

காக்கை உள்ளே வரக்கூடாதென்று கம்பிவலை அடித்த கையாலேயே காக்கைக்கு வாராவாரம் விருந்து வைத்தவன் நான். நாலு அலமாரிப் புத்தகம் படித்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் முட்டாள்தனத்தின் முழு அளவு தெரியும்.

சுரக்குடிப் பக்கம் ஒரு சின்னப் பறவைப் பூங்கா பாழடைந்து கிடந்தது. ஊரில் அதற்குப் பெயர் ஜூ. சொந்தக்காரர் மகனோடு இருக்க பிரான்சுக்குக் கிளம்பியபோது நாங்கள் எடுத்துக்கொண்டோம். வாத்துகள், ஈமு கோழிகள், முயல்கள், 'போன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லும் ஒரு பஞ்சவர்ணக்கிளி. நானும் மனைவி செல்வியும் மகள் காவியாவும் ஆறு மாதம் துரு சுரண்டினோம், பெயின்ட் அடித்தோம், குளம் தூர்வாரினோம். திறந்த நாளிலிருந்து திருநள்ளாற்று சனீஸ்வரருக்கு ஒரு வேண்டுதல்: சனிக்கிழமை தோறும் வலையை ஒரு பக்கம் தூக்கிக் கட்டி, குளக்கரையில் காக்கைக்கு எள்ளுச்சோறு. மிஞ்சியது காலில் மிதிபடக்கூடாதே என்று குளத்திலேயே கரைத்துவிடுவேன்.

முதல் வாரம் பத்துக் காக்கை. நாலாம் வாரம் வலை முழுக்கக் கறுப்பு. ஐந்தாம் சனிக்கிழமை ஒன்றுகூடச் சோற்றைத் தொடவில்லை. குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே ஒரு வாத்து கழுத்து துவண்டு மிதந்தது. திங்கட்கிழமைக்குள் ஒன்பது. கிளி பேச்சை நிறுத்திவிட்டது.

கால்நடை டாக்டரம்மா வந்து மாதிரி எடுத்தார்.

"பறவைக் காய்ச்சலா இருந்தா ஒன்னும் மிஞ்சாதுங்க சார். எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிடுவாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் கேட்டைப் பூட்டுங்க."

"கிளியையுமா?" என்றாள் காவியா. டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

ஐந்து நாள். செல்வி குழிகளில் சுண்ணாம்பு தூவி மூடிக்கொண்டே இருந்தாள். காக்கைகள் நகரவில்லை. சனீஸ்வரரின் வாகனமே தீர்ப்புக்குக் காத்திருப்பது போலிருந்தது.

குளித்து, துணி மாற்றிக் கோயிலுக்குப் போனேன். வழக்கமாக அங்கே தூண்களின் காலத்தை ஆராய்பவன். அன்று அழுதேன். "தப்பு என்னுதா இருந்தா என்னைப் பிடிச்சுக்கப்பா. அதுங்களை விட்டுடு."

மறுநாள் காலை போன் வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை!

டாக்டர் மறுபடி வந்து குளத்தை ஒரு கழியால் கிளறினார். அழுகிய சோறு மேலே வந்தது. அந்தச் சேற்றில் உண்டான விஷமாம். பரவாதாம். மிச்ச வாத்துகளை நல்ல தண்ணீருக்கு மாற்றினோம், பிழைத்தன. மூன்றாம் நாள் கிளி காவியாவைப் பார்த்து 'போன்ழூர்' என்றது. நான் கூண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இப்போது எள்ளுச்சோறு பசித்த மனிதர்களுக்குப் போகிறது. நான் கேட்டதற்கு சனீஸ்வரர் செவி கொடுத்தார். சொல்ல எனக்கு வெட்கமில்லை. வழி தெரியாமல் நிற்பவர்களே, நீங்களும் போய் அவர் முன்னால் உண்மையைச் சொல்லுங்கள்.

இதை எழுதி முடித்து டாக்டரிடம் படித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்குங்க சார். மிச்சத்தைக் காப்பாத்தினவரு பேரைப் போட்டிருக்கீங்க. செத்ததைச் சாகடிச்சவரு பேரையும் கீழ போட்டுருங்க."