பதில் எழுதாமல் விடக்கூடாது

கொடைக்கானலில் நான் இங்கிலீஷ் டியூஷன் எடுத்த நாட்களில் ஊரே ஒரு நட்புத் தளத்தில் கணக்குத் திறந்துகொண்டிருந்தது. எனக்கும் கிறுக்குப் பிடித்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மாணவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம் திறந்து கொடுத்தேன். தினமும் நாலு வரி எழுத வேண்டும். யார் என்ன கேட்டாலும் பதில் எழுதாமல் விடக்கூடாது. இது என் சட்டம்.

அதை அட்சரம் பிசகாமல் செய்தவள் ஒருத்திதான். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். ஓட்டலில் படுக்கை விரிக்கிற வேலை. ரிசப்ஷனில் உட்கார ஆசை. படிப்பு பத்தாவதோடு நின்றிருந்தது. "சர்டிஃபிகேட் கெடக்கட்டும், நீ இங்கிலீஷ்ல எழுதுனதத் திங்கக்கிழமை கொண்டா, பாப்போம்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது அவளுடைய அண்ணன் சென்டர் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். எந்தப் புண்ணியவானோ அவள் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து அவனிடம் கொடுத்திருக்கிறான். யாரோ ஒருவன் "நீ அழகு" என்று இங்கிலீஷில் எழுத, இவள் "நன்றி, நலமா?" என்று பதில் போட்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த பதில்!

"எவன்டி அவன்? நலம் விசாரிக்கிறியோ?"

முடியைப் பிடித்துத் தலையை மேசையில் மோதினான். மானிட்டர் விழுந்து நொறுங்கியது. அவள் கையை மேசை விளிம்பில் வைத்து முறித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"விடுலே! நாந்தாம்லே எழுதச் சொன்னேன்!"

என் குடையை எடுத்து, கம்பி வளையும்வரை அவன் முதுகில் அடித்தேன். திரும்பி ஓங்கி அறைந்தான்; உதடு கிழிந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் அவனை ரோட்டில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். நல்லா மிதிங்க என்று கத்தினேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் எழுதியதை அண்ணன் இன்னொரு தடவை பார்த்தால் கொன்றே போடுவான் பாவி என்று பயந்து, அவள் பக்கத்தை மொத்தமாக அழித்தேன். எட்டு மாதம் எழுதியது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திங்கட்கிழமை வெள்ளனே, மாவுக்கட்டுப் போட்ட கையோடு என் வீட்டு வாசலில் நின்றாள்.

"டீச்சர், வெரசா வாங்க. என் பக்கத்தப் பிரிண்ட் எடுக்கணும். மேனேஜர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காரு."

அழித்துவிட்டேன் என்று சொன்னேன்.

"அண்ணன் என் கையத்தானே டீச்சர் ஒடச்சிச்சு" என்றாள்.