என் தம்பியின் போன் தெலுங்கு பேசிய காலை

எங்கள் பக்கத்து லாரிக்காரர் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வித்தை தெரியும். போனை எடுக்காத மனிதன் எந்த மாநிலத்தில் இருக்கிறான் என்று, அவன் எடுக்காமலேயே சொல்லிவிடுவார்கள். கல்கத்தா ரோட்டில் ஓடும் லாரி எல்லையைத் தாண்டியதும், டிரைவரின் போன் அந்த ஊர் டவரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது நாம் அடித்தால், தொடர்பு கிடைக்கவில்லை என்று சொல்லுகிற பதிவுக் குரல் சில நேரம் அந்த ஊர் பாஷையிலேயே வரும். தெலுங்கு வந்தால் ஆந்திரா. ஒன்றுமே புரியாத பாஷை வந்தால் ஒடிசாவோ வங்காளமோ, வீடு திரும்ப இன்னும் நாலு நாள் ஆகும், குழம்பைக் கொஞ்சமாக வைத்தால் போதும். எல்லா நேரமும் இப்படி வராது. வந்தால் தப்பாது என்பது எங்கள் நம்பிக்கை.

இதில் நான் மற்றவர்களைவிட ஒரு படி மேல். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. அங்கே இன்டர்காம், கேபிள், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. யாராவது என்னிடம் வந்து "லைன் கிடைக்கல மேடம்" என்று மொட்டையாகச் சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். ஸ்விட்ச் ஆஃப் வேறு, நாட் ரீச்சபிள் வேறு, பிஸி வேறு, மணி அடித்தும் எடுக்காதது வேறு. நாலும் நாலு கதை. வயிற்றுவலிக்கும் தலைவலிக்கும் ஒரே மாத்திரையா? புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் நாள் வகுப்பு நான்தான் எடுப்பேன். இரண்டு கருவிகள் பேச ஆரம்பிக்கும் முன்னால் ஒன்று "இருக்கியா?" என்று கேட்கும், மற்றது "இருக்கேன், நீ?" என்னும், முதலாவது "இருக்கேன், ஆரம்பிக்கிறேன்" என்னும். அதற்குப் பெயர் ஹேண்ட்ஷேக். அதன் பிறகுதான் டேட்டா போக வேண்டும். என் மாமியார் ஹேண்ட்ஷேக்கே இல்லாமல் டேட்டா அனுப்புகிற ரகம். நான் குளியலறையில் இருப்பேன், அவர் அடுப்படியிலிருந்து ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, "இன்னாம்மா, பதிலே காணோம்?" என்பார்.

என் தம்பி லாரி டிரைவர். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவன் ஒருத்தன்தான். ஆனால் என் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. ஒடிசாவில் ஆக்ஸில் முறிந்து நடுரோட்டில் நின்றுவிட்டான். போனை ஸ்பீக்கரில் போட்டு, கெட்டிமேளத்தை மட்டும் அவனுக்குக் கேட்க வைத்தோம். அன்றிலிருந்து என் மாமியாருக்கு அவன் 'போன் மச்சான்'. "உங்க வூட்டு போன் மச்சான் சௌக்கியமா கீறாரா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். சிரித்துக்கொண்டே கேட்பார், எனக்குத்தான் சுருக்கென்று தைக்கும்.

அதனால் என் பெண்ணுக்குக் காது குத்த நாள் குறித்தபோது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் தம்பி பாயில் உட்கார வேண்டும், அவன் மடியில் என் பெண் உட்கார வேண்டும், புகுந்த வீட்டார் அத்தனை பேரும் அதைப் பார்க்க வேண்டும். "இந்தத் தபா ஆளே வருவான்" என்று வீடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் அவன் பேசினான். "விஜயவாடா தாண்டிட்டேன்க்கா. காலைல நாஷ்டாவுக்கு அங்க கீறேன்." முந்தின வாரம்தான் அவனுடைய டச் போன் கேபினிலிருந்து நழுவி, அவன் லாரியின் பின்சக்கரத்திலேயே மாட்டித் தூளாகியிருந்தது. பழைய பட்டன் போனில் சிம்மைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். வாட்ஸ்அப் கிடையாது, லொகேஷன் அனுப்ப வழி கிடையாது. போனால் போகிறது, குரல் வந்தால் போதாதா என்று நினைத்தேன்.

கும்மிடிப்பூண்டி பஜாரைத் தாண்டி ஒரு அம்மன் கோயில். நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. எட்டரைக்கெல்லாம் சனம் வந்து இட்லியும் கேசரியும் சாப்பிட ஆரம்பித்துவிட்டது. தம்பியைக் காணோம். அடித்தேன். தெலுங்கு. நாட் ரீச்சபிள். எங்கள் பக்கத்தில் தெலுங்கு முழுசாகத் தெரிந்தவர்களும் குறைவு, அறவே தெரியாதவர்களும் குறைவு.

"எங்க கீறான்?" என்றார் மாமியார்.

"சூளூர்ப்பேட்டைகிட்ட வந்திருப்பான் அத்தை. ஆந்திரா டவர் காட்டுது" என்று டாக்டர் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி சொன்னேன்.

ஒன்பதேகாலுக்கு மறுபடி அடித்தேன். தெலுங்குதான். ஆனால் இப்போது வேறு கதை, வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறாராம். பிஸி. சரி, லாரி ஓனரிடம் பேசுகிறான் போலிருக்கிறது. இரண்டு நிமிடம் கழித்து அடித்தேன், பிஸி. ஒரு நிமிடத்தில் அடித்தேன், பிஸி. அப்புறம் வைத்ததும் வைக்காததுமாக அடித்தேன், பிஸி, பிஸி, பிஸி. அக்கா மகளுக்குக் காது குத்துகிற நேரத்தில் இவனுக்கு யாரோடு இத்தனை கொஞ்சல்? அதுவும் ஆந்திராவில் உட்கார்ந்துகொண்டு?

பத்து மணி. காது குத்துகிற ஆசாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "யம்மா, எனக்குக் கடம்பத்தூர்ல இன்னும் ரெண்டு காது பாக்கி கீது" என்றார். எங்கள் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பாய்க்குப் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தார். கூப்பிட்டால் உட்காரத் தயார் என்று அவர் நடையே சொல்லிற்று. என் கணவர் என் முகத்தையே பார்த்தார். புகுந்த வீட்டில் ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசியாக ஒரு தடவை அடித்தேன். எடுத்துவிட்டான்! திரையில் நொடிகள் ஓடின. "டேய், எங்கடா கீற?" சத்தமே இல்லை. "ஹலோ! ஹலோ!" காற்றுகூட இல்லை. எடுத்து வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறான் என்று பட்டதும் எனக்குள் என்னவோ அறுந்தது. போனைக் காதிலிருந்து இறக்கி, கையில் பிடித்தபடியே, அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"அவன் வரமாட்டான்! இன்னும் ஆந்திராவுலயே கீறான். கல்யாணத்துக்கும் வரல, இதுக்கும் வரல. அவனுக்கு நாமெல்லாம் ஒரு ஆளா? இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு. அண்ணே, நீங்க உக்காருங்க. ஆரம்பிங்க!"

பூசை முடிந்ததும் பெரியம்மா மகன் மடியில் குழந்தை உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். என் பெண் வீறிட்டு அழுத அழுகை பஜார் வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு காது முடிந்தது. வாயில் வாழைப்பழத்தைத் திணித்து, தலையை அடுத்த பக்கம் திருப்புவதற்குள், கோயில் வாசலில் யாரோ முன்பின் தெரியாத ஆள் ஒருத்தர் பைக்கை நிறுத்தினார். பின்னாலிருந்து என் தம்பி குதித்தான். தலையெல்லாம் புழுதி. ஒரு கால் செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை, அதில் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை.

அவன் பாயைப் பார்த்தான், பெரியம்மா மகனைப் பார்த்தான், குழந்தையின் காதில் துளிர்த்திருந்த ரத்தத்தைப் பார்த்தான். "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றான். "யாரு ஆரம்பிக்கச் சொன்னது?"

நான் கையிலிருந்த போனை முந்தானைக்குள் மறைத்தேன்.

"நான்தான்பா," என்றார் என் மாமியார். "நேரம் போய்க்கினே இருந்துச்சு. உங்க அக்கா வேணாம், வேணாம்னுச்சு. நான்தான் பேஜாரு பண்ணி ஆரம்பிக்க வெச்சிட்டேன். மனசுல வெச்சுக்காத."

நான் அவரை அப்படியே பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பரவால்ல அத்தை," என்றான் தம்பி.

"இன்னா பரவால்ல? இன்னொரு காது கீதே! உக்காரு. போய் கையக் கழுவிகினு வந்து உக்காரு," என்றார். பெரியம்மா மகன் பெருந்தன்மையாக எழுந்து, கசங்கிப்போன பட்டு வேட்டியை நீவிவிட்டுக்கொண்டார். இரண்டாவது காது என் தம்பி மடியில் நடந்தது. குழந்தை முன்னைவிடக் கம்மியாகத்தான் அழுதாள். அவன்தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பந்தியில் அவனுக்கு நான் பரிமாறினேன். எளாவூர் செக்போஸ்டுக்கு முன்னால் லாரி வரிசையில் எட்டு மணியிலிருந்து நின்றிருக்கிறான். எட்டு மணியிலிருந்து! தமிழ்நாட்டுக்குள்ளே, இங்கிருந்து பைக்கில் வந்தால் கால் மணி நேரத் தூரத்தில். பழைய பட்டன் போன், ஆந்திரா டவரைப் பிடித்த பிடி விடாமல் வந்திருக்கிறது. டவருக்குச் செக்போஸ்ட் ஏது? அதன் வீச்சு எல்லைக்கோட்டோடு நின்றுவிடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். பாஷையைக் கேட்டு ஆளின் இடத்தைச் சொன்ன மேதாவிக்கு அது ஞாபகம் வரவில்லை.

"சரி, அதான் பிஸியா இருந்துச்சே, யாராண்ட பேசிகினு இருந்த?" என்றேன். என் குரல் இன்னும் இறங்கவில்லை.

அவன் போனை எடுத்து நீட்டினான். அடித்த நம்பர்களின் பட்டியல் முழுக்க நான். அக்கா, அக்கா, அக்கா, அக்கா. நான் அவனை விடாமல் அடித்த நேரத்தில் அவன் என்னை விடாமல் அடித்திருக்கிறான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முயன்றால் இரண்டு பேருக்கும் பிஸிதான். யாராவது ஒருத்தர் சும்மா இருக்க வேண்டும். கருவிகளுக்கே அந்த ஏற்பாடு உண்டு. மோதிக்கொண்டால் இரண்டும் நிறுத்தும், ஆளுக்கு ஒரு கணக்கில் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலும். எங்கள் வம்சத்தில் பொறுப்பவர்கள் யாரும் பிறக்கவில்லை.

"கடைசியா ஒரு தபா எடுத்தியே, ஏன்டா பேசல?"

"பேசினேன்க்கா. 'எளாவூர்ல கீறேன், வந்துகினே கீறேன்'னு தொண்டை கிழியக் கத்தினேன். உனக்குப் போவல." வடையைப் பிட்டு சாம்பாரில் தோய்த்தான். "உன்னுது எனக்கு வந்துச்சு."

சாம்பார் வாளி என் கையில் அப்படியே நின்றது. ஒன்வே. ஒரு பக்கத்துப் பேச்சு போகும், மறுபக்கத்துப் பேச்சு வராது. தொழிற்சாலையில் அடிக்கடி வரும் புகார் இது. உனக்குக் கேட்கவில்லை என்றால் எதிராளிக்கும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே, லைனை வைக்கும்வரை வாயை அடக்கு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

"எதுலேர்ந்து வந்துச்சு?"

"'எங்கடா கீற'லேர்ந்து. 'வரமாட்டான்', 'ஒரு ஆளா', 'இருக்கறதும் ஒண்ணு இல்லாததும் ஒண்ணு', எல்லாம்." அவன் இலையைப் பார்த்தே சொன்னான்.

"அப்ப எங்க அத்தை சொன்னது பொய்னு..."

"தெரியும். உனக்காகத்தான சொன்னாங்க. அத்தினி பேர் முன்னால அவங்களை நான் எதுக்குக் காட்டிக் குடுக்கணும்?" என்றான். பிறகு சிரித்தான். "லைன் இதோ நகரும், அதோ நகரும்னு உக்காந்துகினே இருந்தேன்க்கா. நீ அப்படிச் சொன்னதும் சாவியை மாத்து டிரைவர் கைல குடுத்துட்டுக் குதிச்சிட்டேன். நீ திட்டலன்னா இன்னும் அங்கதான் நின்னுகினு இருப்பேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமாக இருந்தது. இத்தனை வயதில் அவனிடம் நான் ஒருநாளும் சொல்லாத ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கடா," என்றேன்.

"இன்னாக்கா? கேக்கல. சத்தமா சொல்லு," என்றான், வாய் நிறைய வடையோடு.

சொன்னேன். பந்தியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.