யாரை விரட்டினாய்?

ஒரு தீவு யாருக்குச் சொந்தம் என்று இரண்டு நாடுகள் மல்லுக்கு நிற்கின்றன என்று வையுங்கள். பழைய பட்டயங்கள் எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. அப்போது நீதிமன்றம் வேறொன்றைப் பார்க்கும். அந்தத் தீவில் யார் அதிகாரம் செலுத்தினார்கள்? அத்துமீறி வந்த மீன்பிடிப் படகை எந்த நாடு மடக்கித் திருப்பி அனுப்பியது?

பெரம்பலூரில் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் வருஷா வருஷம் நடத்தும் பாடம் இது. குரும்பலூரிலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். “நெலம் என்னோடதுங்கறது சொத்துரிமை. அங்க யார் சொல்லு செல்லும்ங்கறது இறையாண்மை. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க!” என்று கத்துவேன். கத்திவிட்டு, பாவம் பார்த்து ஒரு சுருக்குவழியும் சொல்லித் தருவேன். இரண்டுக்குமே சண்டை வந்தால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அங்கேயிருந்து யாரை விரட்டினாய்? பரீட்சையில் பாதிப் பேர் அதை மட்டும் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள்.

இந்தத் தை மாதம் அண்ணன் போன் செய்தார். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு முந்திரிக் காடு இருக்கிறது. எங்களுக்கு என்று வாய் சொல்கிறதே தவிர, பட்டா கிடையாது. அரசாங்கப் புறம்போக்கில் அப்பா கன்று வைத்து வளர்த்தது. ரோடு போட அளக்க வந்தவர்கள், காடு முழுக்கவே அரசாங்க இடம், காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

“நாமதான் இத்தனை காலமா அனுபவிச்சோம்னு வெளியாளு யாராச்சும் வந்து சொல்லணுமாம் பாப்பா. சொந்தக்காரங்க சொன்னா எடுத்துக்க மாட்டாங்களாம். காடு போச்சுன்னா நான் என்னா செய்வேன்?”

அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. அது எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? பாடம் நடத்துகிற வாயல்லவா!

“அங்கேருந்து யாரையாச்சும் வெரட்டியிருக்கியாண்ணே?”

“போன வருஷம், கீழத்தெரு அக்கா ஒண்ணு கொட்ட பொறுக்க வந்துச்சு. அத வெரட்டிவிட்டேன்.”

எங்கள் பக்கத்து வழக்கம் இது: பறிப்பு முடிந்து, காட்டுக்காரர் கடைசியாக ஒரு சுற்றுப் பொறுக்கிப் போனபிறகு, சருகுக்குள் கிடக்கும் கொட்டையை யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம். யாரும் அனுமதி கேட்பதில்லை, யாரும் தடுப்பதுமில்லை. அந்த அக்கா புருஷன் இல்லாதவர். அந்தக் கொட்டையை வறுத்து உடைத்து விற்றுத்தான் மழைக்காலத்தை ஓட்டுவார். போன வருஷம் விலை ஏறியதும் அண்ணன் முள்ளை வெட்டிப்போட்டுக் காட்டை அடைத்துவிட்டார். வழக்கப்படி உள்ளே வந்த அக்காவை, மடியில் இருந்ததை உதறச் சொல்லித் துரத்தியிருக்கிறார்.

கேட்டதும் சுருக்கென்றது. அடுத்த நொடியே எனக்குள் இருந்த வாத்தியாரம்மா துள்ளிக் குதித்தாள். இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? தூ! நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வாரமே போய் அந்த அக்கா வாசலில் நின்றேன். “வாங்கம்மா, இந்த வெயில்ல வந்திருக்கீங்களே” என்று தண்ணீர் கொடுத்தார். நடந்ததைத் தாலுகா ஆபீசில் வந்து சொல்லவேண்டும் என்றேன். நன்றாகத் திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

“அதுக்கென்னங்கம்மா, நடந்ததுதானே. வரேன்” என்று சொல்லிவிட்டார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

மாசியில் உடையார்பாளையத்தில் விசாரணை நடந்தது. “அந்தக் காடு இவங்க அனுபவத்துல இருந்துச்சுன்னு எப்படிம்மா சொல்றீங்க?” என்று அதிகாரி கேட்டார்.

“இவங்க காடு இல்லாம வேற யாரு காடுங்க சார்? மடியில வச்சிருந்த கொட்டையக்கூட உதறிட்டுப் போன்னாங்க. உதறிட்டு வந்துட்டேன். இவங்களுது இல்லேன்னா நான் எதுக்கு உதறப் போறேன்?”

குத்தல் எதுவும் இல்லை அந்தக் குரலில். எங்களுக்கு உதவி செய்வதாகவே நினைத்துப் பேசினார். அதிகாரி தலையாட்டியபடி எழுதினார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வகுப்பில் நான் சொல்லித் தந்த விடையை ஒரு எழுத்துப் பிசகாமல் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லவைத்துக் கூட்டிவந்தவள் நான்.

சொல்லி முடித்து எழுந்த அக்கா என் பக்கம் திரும்பினார்.

“இந்த வருஷம் பொறுக்க வரலாமுங்களாம்மா?”

அதிகாரியின் பேனா நின்றது. “சொல்லுங்க மேடம்” என்றார். வாங்க என்று சொன்னால் அதையும் எழுதுவார். ஊரார் வழக்கமாக வந்துபோகிற காடு என்று ஆகிவிடும். எங்கள் தனி அனுபவம் என்ற பேச்சு அங்கேயே உடையும். வராதீங்க என்று சொல்லவோ எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் தலை நிமிர்ந்து என்னையே பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“பாக்கலாம்க்கா” என்றேன்.

“சரிங்கம்மா” என்று கும்பிட்டுவிட்டு வெளியே போனார். அதிகாரி மேலே எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார். காடு எங்கள் கையில் நின்றது.

வெளியே யாரும் எதையும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. அங்கே போய், “நீங்க பாட்டுக்கு வாங்கக்கா, யாரு தடுக்கறாங்கன்னு நான் பாக்கறேன்” என்று சொல்லியிருக்கலாம். ஆபீசுக்கு எதிரிலேயேதான் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, பஸ் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பும்வரை அங்கேயே நின்றேன்.