கறிக்கடையில் பழகிய பிரெஞ்சு அசைகள்

பிரெஞ்சு வினைச்சொற்களை அசை பிரிக்க நான் பழகியது கம்பத்தில், அப்பாவின் ஆட்டுக்கறிக் கடையில். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கறியைப் பையில் போட்டுக் கட்டுவது என் வேலை. அப்பாவின் கத்தி எலும்பில் இறங்கும் ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் அசை. பார். ல. ரோன். பேசுவோம் என்று பொருள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிக் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். அன்று ஒரு ஞாயிறு; மறுநாள் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வு. அதில் தோற்றால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்று அம்மாவின் தம்பி எங்கள் வீட்டில் சம்மதம் வாங்கியிருந்தார். மாப்பிள்ளையும் அவரேதான்.

அந்த மாமா அன்று கடைக்கு வந்தபோது, ஆசிரியர் அனுப்பிய ஒலிப்பதிவு என் போனில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏலே, ஒனக்குப் பேசி வச்ச புள்ள எவன்கூடயோ வேற பாஷையில கொஞ்சுது பாரு" என்று வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார்.

மாமாவின் முகம் மாறியது. "யாருடி அவன்?"

"எங்க சார். பாடம் சொல்லித் தாராக."

"ஆம்பள கொரல் ஒனக்குப் பாடமா?"

போனைப் பிடுங்கிக் கட்டையில் வைத்து, அப்பாவின் கத்தியாலேயே வெட்டினார். கண்ணாடிச் சில்லு ஈரலில் தெறித்தது. "அறிவு கெட்டவனே" என்றேன். அறைந்தார். என் பல்லே என் கீழுதட்டைக் கிழித்தது. மறுபடி கை ஓங்கியபோது, கொக்கியில் தொங்கிய ஆட்டுத் தொடையை உருவி அவர் முகத்தில் வீசினேன். உரித்த தோல் போடும் தொட்டிமேல் போய் விழுந்தார். அப்பா அவர் நெஞ்சில் காலை வைத்துக் கத்தியைப் பறித்தார்.

"எம் மக மேல இன்னொருக்க கை வச்ச, அந்தக் கைய இங்கனயே எடுத்துருவேன்."

கீழே கிடந்தபடியே மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்குத் தோத்துட்டு வருவேல்ல, அப்பப் பாத்துக்கிறேன்."

உதட்டுக்குத் தையல் வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். தைத்தால் வாயைக் குவிக்க முடியாது. தேர்வு முடிந்து வருகிறேன் என்று பஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

தேர்வில் எனக்கு விழுந்த முதல் வினை 'நூ வூலோன்'. நாங்கள் விரும்புகிறோம் என்று பொருள். முதல் இரண்டு அசைக்கும் உதட்டை இறுக்கிக் குவிக்க வேண்டும். 'நூ' என்றதும் காயம் பிளந்து இரத்தம் தாளில் சொட்டியது. தேர்வாளர் எழுந்துவிட்டார்.

"போதும்மா. இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

"இன்னைக்கே முடிக்கணும் சார்."

இரத்தத்தை விழுங்கிவிட்டு மறுபடி உதட்டைக் குவித்தேன். வூ. லோன். தாளில் இருந்த கடைசி வினைவரை நிறுத்தவில்லை. அவர் தேர்ச்சி மதிப்பெண்ணை எழுதிக் காட்டிய பிறகுதான் பஞ்சை வாயில் வைத்தேன்.

தையல் போட நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது.