வராதவனைத் தேடிப் போகும் மனேஜர்

"உங்கட லொத்தர் டீம் இந்த ஞாயிறு ஆரை இறக்குது தங்கச்சி? சீட்டுக் குலுக்கியாச்சோ?"

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த அனெக்ஸின் மேல்வீட்டுக்காரர் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாடிப்படியில் நின்று இப்படித்தான் கேட்பார். வங்கி உத்தியோகத்தர். வெள்ளவத்தை உதைபந்தாட்டக் கழகத்தின் கமிட்டியில் இருந்தவர். அவர்களுடைய பயிற்சியாளர் ட்ராக் சூட் போட்டு, கழுத்தில் விசில் தொங்க, யார் எந்த இடத்தில் ஆடுவது என்று வியாழக்கிழமையே தீர்மானித்துவிடுவார். எங்கள் மனேஜரோ சாரத்தை மடித்துக் கட்டி, றப்பர் செருப்போடு மைதான வாசலில் நிற்பார். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னர்தான் அவருக்கே தன் அணி யாரென்று தெரியவரும்.

நான் யாழ்ப்பாணத்தாள். இருந்தது வெள்ளவத்தையில். ஆனால் கத்தியது கொட்டாஞ்சேனை அணிக்காக. அதற்குக் காரணம் என் தம்பி. வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரனை நம்பி, அவன் ஊரிலிருந்து வந்து என்னோடு நின்றான். பந்தடி இல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. முதலில் வெள்ளவத்தைக் கழகத்தில்தான் போய்க் கேட்டான். நிரந்தரமாக நிற்கிற ஆட்கள்தான் வேணும் என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தச் சண்டைக் காலத்துக் கொழும்பில் எந்தத் தமிழ்ப் பொடியன் நிரந்தரமாக நின்றான்? கொட்டாஞ்சேனை மனேஜர் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "ஞாயித்துக்கெழம வருவியா மகன்? வந்தா ஒனக்கு ஜேர்சி இருக்கு."

அவர் கொச்சிக்கடைக்காரர், துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் வேலை. அவருடைய அணியில் பாதிப்பேர் அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகள், மீதிப்பேர் லொட்ஜுகளில் தங்கியிருந்த வடக்குப் பொடியன்கள். யார் அடுத்த ஞாயிறு இருப்பான் என்று யாருக்கும் தெரியாது. ஒருவனைச் சோதனைச் சாவடியில் பிடித்திருப்பார்கள், ஒருவன் விமானம் ஏறியிருப்பான். அதனால் அவர் எவனுக்கும் நிலையான இடம் கொடுப்பதில்லை. பயிற்சியில் எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடவேண்டும். எல்லோரும் முறைவைத்துக் கோல் காக்கவேண்டும். பந்தைக் கண்டால் கண்ணை மூடுகிறவனையும் விடமாட்டார். ஞாயிறு வந்ததும், யார் வந்திருக்கிறார்களோ அவர்களைப் பார்த்து, கோதுமை மாச் சாக்கிலிருந்து கைக்கு வந்த ஜேர்சியை எடுத்து வீசுவார். இதைத்தான் மேல்வீட்டு அண்ணை லொத்தர் என்றார்.

"லொத்தரிலயும் விழுந்தாத்தானே அண்ணை பரிசு? உங்களுக்குப் போன முறை விழுந்தது மூண்டு கோல் எல்லோ!" என்று நான் கீழே நின்று கத்துவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். மைதானத்திலும் நான் ஒருத்திதான் பொம்பிளை. எங்கள் ஆட்கள் என்னை முன்வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். பொம்பிளையோடு மற்றப் பக்கத்தார் எதிர்த்துக் கத்தக் கூச்சப்படுவார்கள் என்ற கணக்கு.

ஆனால் அவர்கள் ஏளனம் செய்த இன்னொரு விஷயம் இருந்தது. யாராவது சொல்லாமல் வராமல் விட்டால், ஆட்டம் முடிந்த கையோடு மனேஜர் அவனைத் தேடிப் பொலிஸ் நிலையங்களுக்குப் போய்விடுவார். வென்றாலும் போவார், தோற்றாலும் போவார். நல்ல சிங்களம் கதைப்பார், கையில் துறைமுகப் பாஸ் இருக்கும். "மாத்தயா, அபே டீம் எக்கே கொல்லெக்" என்று வாசலில் நிற்பார், எங்கள் அணிப் பையன் ஒருவன் என்று. பிடிபட்டவனுக்கு ஆள் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்தால்தான் அவன் வெளியே வர வழி. யாரும் கேட்டு வராவிட்டால் எங்கே மாற்றுவார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்படி அவர் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் சிலர் அணியிலேயே இருந்தார்கள். வசவும் கேட்டிருக்கிறார், ஒருமுறை அறையும் வாங்கியிருக்கிறார். "உங்கட மனேஜருக்கு விசர். பொலிஸ் பொலிஸா அலைஞ்சு கடைசியில ஆளே உள்ள போகப் போறார்" என்று மேல்வீட்டு அண்ணை சொல்வார். எங்களுக்கும் உள்ளூர அதே பயம்தான். வெளியே மட்டும், "உங்கட கோச் செய்வாரோ?" என்று நெஞ்சை நிமிர்த்துவோம்.

தம்பிக்குப் பயண நாள் வந்தது ஒரு சனிக்கிழமை. அடுத்த நாள் வெள்ளவத்தையோடு ஆட்டம். போய்ச் சேர்ந்து போன் வரும்வரைக்கும் ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். அப்போது எல்லா வீட்டிலும் இதுதான் முறை. நேற்று ஒன்றாகத் தேத்தண்ணீர் குடித்தவன் இன்றைக்கு இல்லாமல் போவான். ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

"மனேஜர் அண்ணைக்கு மட்டும் சொல்லட்டே அக்கா?" என்று தம்பி கேட்டான்.

"வாயைத் திறந்தியோ, பார்!" என்று அதட்டினேன். அவன் போன ஞாயிறு போட்டுவந்த ஜேர்சியைத் தோய்த்து மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனான்.

ஞாயிறு நான் ஆட்டத்துக்குப் போனேன். போகாவிட்டால் சந்தேகப்படுவார்கள். மனேஜர் வாசலை விட்டு அசையவில்லை. அதற்கு முந்திய சில ஞாயிறும் கோல் காத்தவன் தம்பிதான். நடுவர் வந்து இரண்டு முறை கூப்பிட்ட பிறகு, வவுனியாப் பொடியன் ஒருவனைப் பிடித்துக் கோலுக்குள் நிறுத்தினார். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தவன், எங்கள் எல்லோரிலும் அதிகமாகச் சிரிப்பவன். மற்றப் பக்கத்தில் விசில் பறந்தது. "லொத்தர்! லொத்தர்!" என்று கூத்தடித்தார்கள். அந்தப் பொடியன் அன்றைக்குப் பந்து ஒன்றையும் உள்ளே விடவில்லை. ஒன்றை முகத்தால் தடுத்தான், மூக்கில் இரத்தம் வழியச் சிரித்துக்கொண்டு எழும்பினான். கடைசியில் நாங்கள் ஒரு கோல் போட்டு வென்றோம். நான் தொண்டை கிழியக் கத்தினேன். கத்திக் கொண்டிருக்கும்போதே, என் தம்பி எந்த நாட்டு விமான நிலையத்தில் எந்த மூலையில் பதுங்கி நிற்கிறானோ, நான் இங்கே குதிக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் வவுனியாப் பொடியனைத் தூக்கிக்கொண்டு ஓட, மனேஜர் மட்டும் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, தம்பி எங்க? ஊட்டுல இல்லயா? பயப்படாதீங்க, நான் இப்பயே போய்ப் பாக்குறேன்."

அந்த மனிதன் எனக்காகப் போய் அறை வாங்கப் போகிறான். என்னால் தாங்க முடியவில்லை. ஏஜென்சிக்காரன் சொன்னதெல்லாம் பறந்துபோனது. அவர் காதுக்குக் கிட்டப் போய், "அண்ணை, போகாதேங்கோ. அவன் நேற்றே பிளேன் ஏறிட்டான். ஆரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ" என்றேன்.

அவர் முகம் விரிந்ததை நான் என்னவென்று சொல்ல! "அப்டியா? மாதாவே! போயிட்டானா!" என்று என் தலையில் கையை வைத்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் பையன்களோடு உட்கார்ந்து சோடா குடித்தார்.

அந்தக் கிழமையே சுவிஸிலிருந்து தம்பியின் அழைப்பு மேல்வீட்டுத் தொலைபேசிக்கு வந்தது. மேல்வீட்டு அண்ணை படியில் விழுந்தடித்து இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டார். நான் அழுதேன், அவரும் கண்ணைத் துடைத்தார். அதோடு விஷயம் எல்லோருக்கும் தெரியவந்தது. எங்கள் ஆட்களுக்குச் சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது. "பாத்தீங்களா அண்ணே? வராதவனெல்லாம் உள்ள இல்ல, வெளிநாட்டுல இருக்கான். இனி சும்மா போய்ப் பொலிஸ்ல நிக்காதீங்க" என்று மனேஜரைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கும் வயது ஏறியிருந்தது. நானும் சொன்னேன். மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சொன்னேன். அதற்குப் பிறகு ஓரிருவர் வராமல் விட்டார்கள், கொஞ்ச நாளில் பிரான்ஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் அவர்களுடைய செய்தி வந்தது. மனேஜர் பொலிஸ் வாசலுக்குப் போவதை விட்டுவிட்டார்.

"உங்களுக்கு மனேஜர் தேவையில்லைத் தங்கச்சி, ட்ரவல் ஏஜென்ட்தான் தேவை" என்றார் மேல்வீட்டு அண்ணை.

பிறகொரு ஞாயிறு வவுனியாப் பொடியன் வரவில்லை. அவன் ஏஜென்சியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவன். லொட்ஜில் கேட்டபோது, ஒரு பையோடு வெளிக்கிட்டான் என்றார்கள். கடை முதலாளியும் சொல்லாமல் போய்விட்டான் என்று திட்டிவிட்டு வேறு ஆளைப் போட்டார். எங்களுக்கு வேறென்ன வேண்டும்? கைதட்டினோம். அடுத்த முறை வெள்ளவத்தையோடு ஆடியபோது, "எங்க உங்கட மூக்குடைஞ்ச கோல்கீப்பர்?" என்று அவர்கள் கத்த, நான் எழும்பி நின்று, "அவன் இப்ப பாரிஸில நிக்கிறான்! எங்கட மனேஜரிட்ட விளையாடினவன் உலகம் முழுக்க நிக்கிறான்! உங்கட கோச் ஆரை எங்க அனுப்பினவர்?" என்று கத்தினேன். எங்கள் பக்கம் விசிலடித்து ஓய்ந்தது. மனேஜரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மழைக்காலம் வந்து போன பிறகு, ஒரு பயிற்சி நாளில் ஒரு அம்மா மைதானத்துக்கு வந்தார். வவுனியாவிலிருந்து வர அனுமதி எடுக்கவே அவ்வளவு காலம் பிடித்ததாம். மகன் இங்கே பந்தடிக்கிறவன் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"அம்மா, உங்களுக்குத் தெரியாதே? அவன் வெளிநாட்டுக்குப் போட்டான் எல்லோ!" நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன், நல்ல செய்தி சொல்கிற சந்தோஷத்தில்.

அவர் என்னைப் பார்த்தார். "எப்பிடிப் பிள்ளை போவான்? அவன்ர பாஸ்போட் என்னட்டயெல்லோ கிடக்கு. அதைக் கொண்டு வாங்கோ எண்டு சொல்லிவிட்டவன்."

மனேஜர் சாரத்தை இறக்கி விட்டுக்கொண்டு அப்படியே நடந்தார். அந்த அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம்.

இரண்டாவதாகப் போன நிலையத்தில் அவரைத் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் இருந்தார். மனேஜரைக் கண்டதும், "மெச்சர கல் கொஹேத ஹிட்டியே?" என்றார். இவ்வளவு காலமும் எங்கே இருந்தாய் என்று. பொடியன் ஒருகொடவத்தையில் கொள்கலன் இறக்கும் வேலைக்கு நாட்சம்பளத்துக்குப் போன இடத்தில் பிடிபட்டிருக்கிறான். பையில் இருந்தது மாற்றுடுப்பு. "எப்போதும் நீதானே வருவாய்? நீ வரவில்லை. அவனுக்கு ஆளில்லை என்றுதான் மாற்றி அனுப்பினோம்" என்றார் அந்த மனிதர். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தெற்கே ஒரு தடுப்பு முகாமில் அவனைக் கண்டுபிடித்து, சட்டத்தரணி பிடித்து, வெளியே எடுக்க மறுபடி ஒரு மழைக்காலம் ஆனது. மேல்வீட்டு அண்ணையும் வந்து அலைந்தார். லொத்தர் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் அவர் வாயில் கேட்கவில்லை.

வெளியே வந்த அன்றைக்குக் கொச்சிக்கடையில் மனேஜர் வீட்டில்தான் அவனைப் பார்த்தேன். பாதியாக மெலிந்திருந்தான். ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. தாய் அவனுக்குச் சோறு பிசைந்து கொடுக்க, அவன் எங்களைச் சிரிக்கவைக்கப் பார்த்தான்.

"அங்க என்னைப் போட்டு ஒரே பகிடி அண்ணை. நான் பிடிபட்ட அண்டைக்கே எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், எங்கட மனேஜர் ஞாயிறு வருவார் எண்டு. ஞாயிறு வந்தா எல்லாரும், 'எங்கயடா உன்ர மனேஜர்? பந்து தேடப் போட்டாரோ?' எண்டு தொடங்கிடுவினம். நான் விடுவேனே? 'உங்களுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்? அவர் ஒரு ஸ்டேசனும் விடமாட்டார், எல்லாம் பாத்திட்டுத்தான் இஞ்ச வருவார், தூரமெல்லோ' எண்டு சண்டை பிடிப்பன். ஒருத்தனுக்கு அடியும் போட்டிட்டன்."

மனேஜர் எழுந்து குசினிப் பக்கம் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, வெகுநேரம் மூடப்படவில்லை.

பொடியன் என் பக்கம் திரும்பினான். "சொல்லுங்கோ அக்கா, எத்தினை ஸ்டேசன் தேடினவர்? அங்க இருக்கிறவங்களுக்கு நான் கடிதம் எழுதோணும்."

அவனுடைய தாய் சோற்றுக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறைய, தம்பி, நிறைய என்று சொன்னேன்.