பத்தடி பின்னாடி

பார்வை போனவங்களுக்கு வெள்ளைக் கோல் பிடிச்சுத் தனியா நடக்கக் கத்துக் குடுக்கிறதுதான் என் தொழில். கோலைப் பிடிக்கிறது அவங்க வேலை, என் கையை நானே பிடிச்சுக்கினு நிக்கிறது என் வேலை. அடுத்தவங்க வண்டியில பின்னாடி உக்காந்து, இல்லாத பிரேக்கை மிதிக்கிற ஜாதியா நீங்க? அப்போ இந்த பேஜாரு உங்களுக்குப் புரியும்.

டம்ளருக்குள்ள ஒரு விரல்

புதுவாயல் மேரிக்கா, தேர்வாய் கண்டிகையில ஒரு கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன்ல இருந்தவங்க. சுகர் வந்து ரெண்டு கண்ணும் போச்சு. இருபது நாள் டைம் குடுத்து, கம்பெனி பஸ்ஸுக்குத் தனியா வந்து ஏறினா வேலை உண்டு, கூட ஆள் வந்தா இல்லன்னு சொல்லிட்டாங்க.

மொத நாள் ஊட்டுக்குள்ளயே பாடம். டம்ளர் விளிம்புல ஒரு விரலை உள்ள மடக்கி வெச்சு டீ ஊத்தணும், சூடு விரலைத் தொட்டா நிறுத்தணும். அவங்க பாத்திரத்தைத் தூக்கினதும் புருஷன் தேவராஜ் பாய்ஞ்சு வந்தாரு. நானும் பாய்ஞ்சேன், அதை ஏன் கேக்கறீங்க. மேரிக்கா சொன்னாங்க: "ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. சுட்டா என் விரலுதான சுடும்."

வெல்டிங் பட்டறை

பஸ் ஸ்டாப்புக்கு எட்டு நிமிஷ நடை. வெல்டிங் சத்தம் கேட்டா இடதுபக்கம் திரும்புங்கன்னு பெருமையா சொல்லிக் குடுத்தேன். அஞ்சாம் நாள் கரண்ட் கட். பட்டறை கம்முனு கிடக்குது, அவங்க பாட்டுக்கு நேரா போய்க்கினே இருக்காங்க. பத்தடி பின்னாடி வரணும், ஆபத்து இல்லன்னா வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் எங்க விதி. நகத்தைக் கடிச்சுக்கினே போனேன். அவங்களே சந்தேகப்பட்டு நின்னு, திரும்பி வந்து, தட்டித் தட்டி முனையில இருந்த கால்வாய் இரும்பு மூடியைக் கண்டுபிடிச்சாங்க.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்? வெல்டிங்காரன் லீவு போடுவான், இது போடுமா?"

கம்பி லாரி

இருபதாவது நாள், திங்கக்கிழமை வந்துச்சு. கம்பெனி சூப்பர்வைசர் ஸ்டாப்புல நின்னு பார்க்குறாரு. வழியில ஒரு கம்பி லோடு லாரி நிக்குது. பின்னாடி நெத்தி உசரத்துக்குக் கம்பி நீட்டிக்கினு இருக்கு, நுனியில சிவப்புத் துணி. கோல் அடியில புகுந்து போயிடும், கம்பி தலையில இடிக்கும். மேரிக்கா நேரா அதுக்குத்தான் போறாங்க. என்னால முடியல. "நில்லுக்கா"ன்னு கத்திட்டேன். ரோடே திரும்பிப் பார்த்துச்சு.

அவங்க ஏற்கனவே நின்னுட்டாங்க. நான் கத்துக் குடுத்த மாதிரியே ஒரு கை முகத்துக்கு முன்னாடி, அதுல அந்தத் துணி. சூப்பர்வைசர், "ஆள் கூடத்தான் வர்றாங்க"ன்னு எழுதிக்கினாரு. இருபது நாள் உழைப்பை ஒரு கத்துல கெடுத்துட்டேனே.

மேரிக்கா நிதானமா அவர் பக்கத்துல போனாங்க: "துணி பட்டதும் நின்னுட்டேன் சார், அப்புறம்தான் இவர் கத்தினாரு. நாளைக்கு ஒரு நாள் குடுங்க. இவரை ஊட்டுல உக்கார வெச்சுட்டு வரேன்."

ரெண்டு நாற்காலி

சொன்னபடியே செஞ்சாங்க. மறுநாள் காலையில என்னையும் தேவராஜையும் உள்ள விட்டு, வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டுப் போயிட்டாங்க. எட்டு நிமிஷம் ஆச்சு. பத்து ஆச்சு. தேவராஜ் சட்டைப் பட்டனைக் கழட்டி மாட்டிக்கினு, "கால்வாய் மூடி தாண்டியிருக்குமா சார்?"ன்னு மூணு தடவை கேட்டாரு. நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துக்கினே இருந்தேன்.

பதினாலாவது நிமிஷம் போன் அடிச்சுது. பின்னாடி பஸ் சத்தம். "ஏறி உக்காந்துட்டேன் சார். நேத்து எழுதினதை சூப்பர்வைசரே அடிச்சுட்டாரு. பக்கத்து ஊட்டுல சொல்லி வெச்சிருக்கேன், ஒம்போது மணிக்குத்தான் கதவைத் திறப்பாங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் டீ ஊத்திக் குடிங்க."

மேரிக்கா இருபது நாள்ல தனியா போகக் கத்துக்கினாங்க. அவங்களைத் தனியா விடுறதுக்கு எனக்குத்தான் தாழ்ப்பாள் தேவைப்பட்டுச்சு.