போனுக்குக் கயிறு கட்டிக்கொண்ட புஷ்பம்

புஷ்பம் என்னுடைய மூன்று சட்டைகளைத் தீய்த்திருக்கிறாள். மூன்றும் வெள்ளை. நான் வக்கீல், வெள்ளையைத் தவிர வேறு சட்டை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போக முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவதைப் படித்துவிட்டு, அந்தப் பெண்மணி மேல் எனக்கு ஏதோ தனிப் பிரியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மதிலை ஒட்டிப் பதினெட்டு வருஷமாக அவளுடைய இஸ்திரி வண்டி நிற்கிறது. வயது நாற்பத்தாறு. புருஷன் வைரவன் வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வருவான், தேய்ப்பது இவள். எந்தத் துணியிலும் அடையாளம் போட மாட்டாள். பார்த்தாலே எந்த வீடு என்று தெரியும். யாருக்குத் தொப்பை விழுந்திருக்கிறது, யார் வேலையை விட்டுவிட்டார்கள் என்பதுகூடத் தெரியும். “இன்னா சார், பட்டன் இஸ்துக்கினு கீது, அடுத்த அளவு வாங்கிக்க” என்று நடுத்தெருவில் என்னிடம் சொன்னவள். அப்போது என்னுடன் கட்சிக்காரர் ஒருவர் இருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய ஒரே மகள் தாரணி, பெருங்குடியில் தன்னோடு வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, கழுத்தில் மாலையோடு வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. புஷ்பம் தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்: “இனிமே என் மூஞ்சில முழிக்காத!”

பெண்ணுக்கும் அதே பிடிவாதம். முழிக்கவில்லை. மந்தைவெளிக்கும் பெருங்குடிக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த ஒரு மணி நேரத்தை இரண்டு பேரும் இரண்டு வருஷம் கடக்கவில்லை. வைரவன் நடுவில் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பேசப் பயந்து, துணியை மட்டும் சுமந்துகொண்டிருந்தான்.

ஆனால் புஷ்பத்தின் போனில் தாரணியின் நம்பர் இருந்தது, தாரணியின் போனில் இவளுடைய நம்பர் இருந்தது. அதனால் தாரணி வாட்ஸ்அப்பில் போடும் ஸ்டேட்டஸெல்லாம் இவளுக்குத் தெரியும். இவள் பார்த்தாள் என்பதும் அங்கே பெயரோடு தெரியும். மகள் புதுத் திரைச்சீலை வாங்கினது, குழம்பு வைத்தது, மழையில் பஸ்ஸுக்கு நின்றது எல்லாவற்றையும் இந்த வண்டியிலிருந்தே பார்த்தாள். ஏழு மாதத்துக்கு முன் பேத்தி பிறந்ததும் அப்படித்தான் தெரிந்தது.

அங்கேதான் வினை. திருஷ்டி பட்டுவிடும் என்று தாரணி குழந்தையின் முகத்தின் மேல் ஒரு மஞ்சள் ஹார்ட்டை ஒட்டித்தான் படம் போடுவாள். கால் தெரியும், கை தெரியும், கொலுசு தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஹார்ட். புஷ்பம் இரண்டு விரலால் அதைப் பெரிசாக்கிப் பார்ப்பாள். ஹார்ட் பெரிசாகும். பேத்தியின் முகத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

“என்னிக்காச்சும் ஒரு நாளு ஒட்ட மறந்துடும் சார். அன்னிக்கி நான் பாக்காம உட்டுட்டா?” என்றாள்.

“ஸ்டேட்டஸ் இருபத்துநாலு மணி நேரம் இருக்கும்மா. ஒரு நாளைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்” என்று சட்டப்படி விளக்கினேன்.

“போட்டுட்டு ஒடனே அழிச்சிட்டா?”

அதனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாள். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டால் விரல் சும்மா இருக்குமா? வீடியோவில் யாரோ மீன் கழுவுவார்கள், யாருக்கோ வளைகாப்பு நடக்கும், எங்கேயோ ஒரு நாய் குளிக்கும். எல்லாவற்றையும் பார்த்தாள். இடது கையில் போன், வலது கையில் கரி போட்ட பெட்டி. என் முதல் சட்டை காலரில் போயிற்று. இரண்டாவது பாக்கெட்டில். மூன்றாவதில், முதுகில் பெட்டியின் வடிவம் அச்சு எடுத்த மாதிரி விழுந்திருந்தது.

“ஆத்துலயே ஒரு இஸ்திரிப் பொட்டி வாங்கி வெச்சுண்டா என்ன? நீங்களே தேச்சுக்கலாமே” என்றாள் என் மனைவி காமாக்ஷி. அந்தப் பேச்சை நான் மேற்கொண்டு வளர்க்கவில்லை.

புஷ்பமும் பாவம், போனை விடப் பார்க்காமல் இல்லை. கரி மூட்டைக்குள் போட்டுப் பார்த்தாள். அன்று முழுக்கக் கை கறுப்பாக இருந்தது, இரண்டாம் மாடிப் பெரியசாமி வீட்டு வேட்டிகளும் அப்படியே ஆயின. வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்தாள். பத்து நிமிஷத்தில் அவரோடு சண்டை போட்டுப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு நாள் அணைத்தே வைத்தாள். அணைந்திருக்கிறதா என்று நாலு தடவை திறந்து பார்த்தாள்.

கடைசியில் வைரவன்தான் வழி சொன்னான். ஒன்பது வருஷத்துக்கு முன் அவன் குடித்துக்கொண்டிருந்தான். புஷ்பம் அவனைச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு முனீஸ்வரன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்ட வைத்தாள். அன்றோடு சரி.

“அதே கோயிலுக்கு இத்த இட்டுக்கினு போறேன் சார். நீங்க காரை எடுங்க. உங்க பேச்சுன்னா கேக்கும்.”

அவள் யார் பேச்சையும் கேட்டதில்லை. ஆனால் எனக்கு மூன்று சட்டை போயிருந்தது. எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. குடிகாரர்கள் வரிசையாக, பக்கத்தில் மனைவிமார்களோடு நின்றார்கள். பூசாரி வைரவனை அடையாளம் கண்டுகொண்டு முகத்தைச் சுளித்தார்.

“மறுபடியுமா?”

“எனக்கு இல்ல சாமி, இதுக்கு.”

பூசாரி புஷ்பத்தை ஏற இறங்கப் பார்த்தார். “எத்தினி வருசமா குடிக்குது?”

“குடி இல்ல சாமி. போனு.”

வரிசையில் நின்ற இரண்டு பேர் தங்கள் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்கள். பூசாரி ஆச்சரியப்படவில்லை. “இந்த மாசத்துல இது நாலாவது” என்றார்.

தொழில் புத்தி யாரை விட்டது? நான் குறுக்கே புகுந்தேன். “வாடிக்கைக்காரர்கள் கூப்பிடுவார்கள். அதற்கு மட்டும் ஒரு விலக்கு...”

“குடிக்கிறவனும் இதத்தான் கேப்பான். பீர் சேருமா, கள்ளு சேருமா, தீபாவளிக்கு மட்டும்னு” என்றார் பூசாரி. கொஞ்சம் யோசித்து, ஒரே ஒரு சலுகை கொடுத்தார். “பட்டன் போனுன்னா பேசலாம். தடவுற போனு தொடவே கூடாது. அடுத்தவங்க போன்லயும் எட்டிப் பாக்கக் கூடாது. அடுத்தவன் கிளாஸ்ல ஒரு வாய் குடிச்சாலும் குடிதான். நாப்பத்தெட்டு நாளு. மீறுனா வூட்ல கீற சின்ன உயிருக்கு ஆவாது.”

புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டின் சின்ன உயிர் யார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பிறகு அழ ஆரம்பித்தாள். தெருவில் எத்தனையோ சண்டை பார்த்திருக்கிறேன், அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

“நான் பாத்தேன்னு அங்க என் பேரு வரும் சாமி. ரெண்டு வருசமா பேச்சு கெடையாது, அந்தப் பேரு மட்டுந்தான் கீது. அதுவும் இல்லன்னா எம் பொண்ணு என்னிய மறந்தே பூடும்.”

எங்களுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். “கட்டவா, வாணாவா?” என்றார் பூசாரி.

வைரவன்தான் மெதுவாகச் சொன்னான். “அன்னிக்கி நீ எங் கைய புட்ச்சி நீட்ன. நான் ஒரு வார்த்த கேட்டனா?”

அவள் கையை நீட்டினாள்.

சிம் ஒரு பழைய பட்டன் போனுக்குப் போயிற்று. பெரிய போனை அணைத்து என் பீரோவில் பூட்டி வைத்தேன். முதல் மூன்று நாள் அவளுடைய இடது கைக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. மடித்த கைக்குட்டையைக் கட்டைவிரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். போனை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறேன் என்று காமாக்ஷி அப்போது கேட்டாள். அது இந்தக் கதைக்குச் சம்பந்தமில்லாதது.

ஆறாம் நாள் சட்டைகள் வந்தன. காலர் கத்தி மாதிரி நின்றது. ஆனால் தினமும் சாயங்காலம் நான் உள்ளே நுழையும்போது ஒரே கேள்வி.

“இன்னிக்கி இன்னா போட்டிருக்கும் சார்?”

“எனக்கெப்படிம்மா தெரியும்?”

“ஒருவேள இன்னிக்கித்தான் ஹார்ட்டு ஒட்ட மறந்துச்சோ இன்னாவோ” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த துணியை எடுப்பாள். நான் நிற்காமல் உள்ளே போய்விடுவேன். நான்தானே காரை எடுத்தேன்.

பதினோராம் நாள் காலை ஒன்பது மணிக்கு வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பத்தரைக்குக் கேஸ். புஷ்பம் என் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆட்டோ வந்து நின்றது. தாரணி தலைகூடச் சரியாக வாராமல் இறங்கினாள்.

“உயிரோடதான கீற?” என்றாள்.

“கீறேன்” என்றாள் புஷ்பம்.

“பதினோரு நாளா நான் போட்டது எதையும் நீ பாக்கல. மொதல்ல கோவம்னு நெனச்சேன். நேத்து பாப்பா போட்டோ நாலு போட்டேன். நாலுத்துக்கும் உன் பேரு வர்ல. நைட்டெல்லாம் தூங்கலம்மா.”

“ஒரு போன் பண்றதுக்கு இன்னா?” என்றான் வைரவன்.

“பண்ணி, வேற யாராச்சும் எடுத்து எதுனா சொல்லிட்டாங்கன்னா?” என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை உடைந்துவிட்டது. “நான் ஊருக்கா போட்டேன்? நீ பாப்பன்னுதாம்மா தெனமும் போட்டேன்.”

புஷ்பம் கயிறு கட்டிய கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். வைரவன் முழுக் கதையையும் நாலு வரியில் சொன்னான். தாரணி கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவசரமாகப் போனை எடுத்தாள்.

“தோ, பாரு. ஹார்ட்டு இல்லாம. உனக்குன்னே வெச்சிருக்கேன்.”

ஏழு மாதமாக எந்த முகத்துக்காக என் சட்டைகளெல்லாம் எரிந்தனவோ, அந்த முகம் அவளுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. புஷ்பம் இரண்டு கையாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“காட்டாத! இன்னும் முப்பத்தேழு நாளு கீது. போன்ல பாக்க மாட்டேன்.”

“ஒரு தடவ பாரும்மா!”

“மாட்டேன்டி. எம் மூஞ்சில முழிக்காதன்னு சொன்னது நான்தான். தப்புதான். புள்ளைய இட்டுக்கினு வா. நேர்ல பாக்கறேன்.”

வந்த ஆட்டோ இன்னும் போகவில்லை, தாரணி அதிலேயே ஏறிக்கொண்டாள். கண்ணை மூடின கைகளைப் புஷ்பம் அப்போதும் எடுக்கவில்லை. இரண்டு கையும் அங்கே இருந்ததால் பெட்டி எங்கே இருந்தது என்பதை நான்தான் முதலில் மோந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். நான்காவது சட்டை. கேஸுக்கு வாய்தா வாங்கச் சொல்லி ஜூனியருக்குப் போன் போட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு ஆட்டோ திரும்பி வந்தது. புஷ்பம் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். குழந்தையை வாங்கி, தேய்த்த துணி அடுக்குக்கு நடுவே, வண்டியின் மேலேயே உட்கார வைத்து, முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கன்னத்தில் பெரிய மைப்பொட்டு இருந்தது. குழந்தை அவளுடைய கயிற்றைப் பிடித்து வாயில் வைத்தது.

“அய்ய, அப்டியே உன் மூக்குடி” என்றாள் தாரணியிடம். “இத்தப் போயி மறச்சி வெச்சியே.”

எனக்குக் கண்ணில் ஏதோ கரித்தது. கரிப் புகை. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் போனை எடுத்தது. புஷ்பம் குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“சார், போட்டோ எடுத்தீன்னா ஹார்ட்டு ஒட்டிக்க. கண்ணு பட்டுடும்.”